தொண்டைக்கென்று வைத்திருந்த ஆறு குளிசைகள்

யாழ்ப்பாணத்தில் ஒன்றரை வருடம் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தேன். பரீட்சை எழுதவில்லை, சண்டை எழுத விடவில்லை. தவளையின் இதயத்தைப் பார்க்காமல் வரையத் தெரியும், அவ்வளவுதான் என் வைத்திய அறிவு. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலெர்மோவில் சீசாப் பகுதியில் நாங்கள் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்கு அது போதுமானதாக இருந்தது. காய்ச்சல் என்றாலும் காதுவலி என்றாலும் தமிழ்ச் சனம் என் கதவைத்தான் தட்டும். என் கணவர் "அரை டொக்டர்" என்று கேலி செய்வார். எனக்குக் கோபம் வருவதுபோல் காட்டிக்கொள்வேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

அந்தக் கட்டடத்தில் பத்துத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பாதிப் பேரிடம் பெர்மெஸ்ஸோ இல்லை. நாட்டில் தங்கியிருப்பதற்கான அந்தக் காகிதம் இல்லாதவருக்கு வைத்தியரும் இல்லை என்றே நாங்கள் நம்பியிருந்தோம். அதனால் மருந்து கிடைத்தவர் கிடைக்காதவருக்கு மிச்சம் வைப்பது எங்களுக்குள் ஒரு முறையாகிவிட்டது. மாத்திரைகளைக் குளிசை என்று சொல்வோம். வைத்தியர் பன்னிரண்டு குளிசை எழுதித் தந்தால் ஆறைப் போட்டுக்கொண்டு, உடம்பு தேறியதும் மற்ற ஆறையும் என்னிடம் கொண்டுவந்து தருவார்கள். வேலை வீடுகளின் எசமானிகளான சிஞ்ஞோராமார் அலுமாரியைத் துப்புரவு செய்யும்போது எறியப் பார்ப்பவையும் என்னிடம் வந்துசேரும். நான் அவற்றை ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் வைத்திருந்தேன். பெட்டிக்குள் இருக்கும் இத்தாலிய விளக்கத் தாள் எனக்கு முழுதாக விளங்காது. ஆகவே கொண்டுவந்தவருக்கு என்ன வருத்தமோ அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி ரப்பர் வளையம் போட்டு வைப்பேன்: தொண்டை, காது, இருமல், காயம்.

யாராவது முழுப் பெட்டியையும் போட்டு முடித்துவிட்டால் அவரைப் பற்றி ஒரு கதை கிளம்பும். "தனக்கு மட்டும் எண்டு எல்லாத்தையும் விழுங்கிப்போட்டார்." இதை நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருடம்தான் என் மச்சாள், கணவரின் ஒரே தங்கை, வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது. காகிதம் இல்லை. மொண்டெல்லோவில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அங்கேயே தங்கல். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும் லீவு. அரசாங்கம் அப்போது காகிதம் இல்லாதவர்களுக்குக் காகிதம் கொடுக்கப்போவதாக அறிவித்திருந்தது. அதற்கு வேலை கொடுப்பவர் கையெழுத்து வைக்க வேண்டும். வைப்பதாகச் சிஞ்ஞோராவின் மகள் சொல்லியிருந்தாள். அந்தக் கையெழுத்து விழும்வரை மச்சாள் அந்த வீட்டில் தும்மக்கூடப் பயந்தாள். வருத்தக்காரி என்று தெரிந்தால் அடுத்த நாளே வேறு ஆள் எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஆவணி மாதத்தின் ஒரு வியாழன். வழக்கம்போல மூன்று மணிக்கு வந்தாள். நான் வைத்த மீன்குழம்பைத் தொடவில்லை. அரை மணித்தியாலத்தில் நாலு தரம் கக்கூசுக்குப் போய்வந்தாள். ஐந்தாம் தரம் எழும்பியபோது சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை அண்ணி."

"ஒண்டுமில்லாமலே இப்பிடி நடக்கிறாய்?"

அவள் கதவைப் பார்த்தாள். பக்கத்து அறையில் என் கணவர் தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் என் காதில் சொன்னாள்.

"சலக்கடுப்பு. நாலு நாளா சலம் போகேக்க எரியுது. அண்ணாவுக்குச் சொல்லாதேங்கோ."

கதை இதுதான். அந்த வீட்டில் இருப்பது ஒரே கக்கூசு. சிஞ்ஞோராவின் படுக்கையறைக்குள்ளால்தான் அதற்குப் போகவேண்டும். கிழவிக்குச் சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு வரும். விழித்தால் விடியும்வரை திட்டும். அதனால் மச்சாள் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. இரவு முழுக்க அடக்கிக்கொண்டு கிடப்பாள். பகலிலும் கிழவி அயரும் நேரம் பார்த்துத்தான் போவாள். மூன்று மாதம் இப்படி.

கேட்டதும் எனக்குப் பதறியது. பதறிய கையோடு தகரப்பெட்டியை இறக்கினேன். சிறுநீரைச் சலம் என்போம்; "சலம்" என்று எழுதிய பொட்டலம் எதுவும் அதில் இல்லை. அந்த வருத்தத்தைச் சொல்லி யார் மருந்து கேட்டிருக்கிறார்கள், யார் மிச்சம் கொண்டுவந்திருக்கிறார்கள்? "தொண்டை" என்று எழுதியதில் ஆறு குளிசை இருந்தது. பென்சிலின் வகை என்று பெயரைப் பார்த்ததும் தெரிந்தது. கிருமிக்குத்தானே மருந்து, தொண்டையில் இருந்தாலென்ன வேறிடத்தில் இருந்தாலென்ன என்று என் ஒன்றரை வருட உயிரியல் சொன்னது. நாளையிலிருந்து காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று விளக்கினேன். எவ்வளவு தெளிவாக, எவ்வளவு நிதானமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆளே மாறியிருந்தாள். எங்கள் ஆட்கள் சைவம், கிறிஸ்தவ வேதம் என்று பாராமல் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைமேல் ஒரு புனிதைக்கு இருக்கும் குகைக்கோயிலுக்கு நடந்துபோவார்கள். மச்சாளும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கல்பாதையில் எனக்கு முன்னால் ஏறினாள். மேலே ஒரு மதிலில் இருந்து மூச்சு வாங்கும்போது, "அண்ணி, எரிவு சுத்தமா இல்லை. உங்கட கை ராசியான கை" என்றாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு கடதாசி மடிப்பை நீட்டினாள். நாலு போட்டிருந்தாள், இரண்டு மிச்சம்.

"மிச்சத்தையும் போடட்டோ?"

"சுகமான பிறகு என்னத்துக்கு? உடம்புக்குச் சூடு. தா, ஆருக்கும் அவசரத்துக்கு உதவும்."

நான்தான் வாங்கினேன். அவள் கேட்டாள், நான்தான் வேண்டாம் என்றேன். இதை எத்தனை விதமாகச் சொல்லிப்பார்த்தாலும் இது வேறு மாதிரி ஆவதில்லை.

புதன்கிழமை காலை நான் வேலை வீட்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மச்சாள் அந்த வீட்டிலிருந்து எங்களுக்குப் போன் எடுப்பதே இல்லை. "அண்ணி, நாரி கொஞ்சம் நோகுது. நாளைக்கு வாறன்தானே, வந்து சொல்லுறன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நாரி என்றால் இடுப்புக்கு மேலே முதுகின் கீழ்ப்பக்கம். கிழவியைத் தூக்கி இருத்தியதில் பிடித்திருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். பிறகு நாள் முழுக்க என் சிஞ்ஞோராவின் வீட்டு யன்னல்களைத் துடைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். துடைத்த யன்னலையே மறுபடி துடைக்கிறேன் என்று சிஞ்ஞோரா சொன்னபிறகுதான் எனக்குத் தெரிந்தது. பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம். அந்த வீட்டு மணியை அடிக்கப் பயம். நான் போய் நின்றால் இவளுக்கு என்னவோ என்று கிழவியின் மகள் கேட்பாள், கையெழுத்து போய்விடும். ஒரு முழு நாளை அந்தக் கையெழுத்துக்குத் தின்னக் கொடுத்தேன்.

வியாழன் மூன்று மணிக்கு அவள் வரவில்லை. மூன்றரைக்கும் வரவில்லை. பால்கனியில் நின்று பஸ் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் யார் யாரோ இறங்கினார்கள். நாலேகாலுக்கு ஒரு பஸ் வந்து நின்றது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி, பிறகு ஒரு படியாக இறங்கினாள். அந்த வெயிலில் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். நான் படிகளில் ஓடி இறங்கினேன். கையைத் தொட்டேன், கொதித்தது. பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் கிடத்தி இரண்டு போர்வை போட்டேன். என் கணவர் குளித்துக்கொண்டிருந்தார், ஆறு மணிக்கு ரெஸ்ரோறன்ரில் வேலை. அவள் என் கையை இழுத்து, "காலமை சலத்தோட ரத்தம் போனது அண்ணி" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்போது நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? அலுமாரியின் மேலிருந்து பெட்டியை இறக்கினேன். அவளிடமிருந்து வாங்கிவைத்த இரண்டையும் எடுத்தேன். போதாது என்று "காயம்" என்று எழுதியிருந்ததிலும் நாலை எடுத்தேன். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கேட்கும் என்று கணக்குப் போட்டேன். தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய் அவள் தலையை நிமிர்த்தினேன். அவள் வாயைத் திறந்தாள், குளிசை உள்ளே போவதற்கு முன்னமே என் கைமேல் சத்தி எடுத்தாள். அந்தச் சூட்டோடுதான் எனக்குப் புத்தி வந்தது. கையைக் கழுவாமலே குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"இஞ்சேருங்கோ, ஆசுப்பத்திரிக்குப் போகவேணும்."

"என்ன அவளுக்கு?"

"காய்ச்சல்."

ஆஸ்பத்திரி என்றதும் மச்சாள் போர்வைக்குள் இருந்து, "வேண்டாம், பொலிசுக்குக் குடுத்துப்போடுவினம்" என்று அழுதாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அவசரப் பிரிவு வாசலில் இருந்தவர் காகிதம் கேட்டார். இல்லை என்றேன். அவர் பெயரையும் வயதையும் மட்டும் எழுதிக்கொண்டு, மச்சாளின் முகத்தைப் பார்த்துவிட்டு, தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று மாதமாக நாங்கள் பயந்த பயத்துக்கு அவர் ஒரு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை.

வைத்தியர் ஒரு பெண். மச்சாளின் முதுகில் விலாவுக்குக் கீழே மெதுவாகக் குத்தினார். மச்சாள் அலறினாள். கிருமி சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கிறது போல என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேள்விகள். நான் தமிழில் கேட்டு இத்தாலியனில் சொல்லவேண்டும்.

"எந்த மருந்துக்காவது ஒவ்வாமை உண்டா? பென்சிலின் எடுத்து உடம்பு தடித்தது, மூச்சு முட்டியது ஏதாவது?"

அந்த முதல் வியாழன் நான் இதைக் கேட்கவே இல்லை. அவள் எங்கள் சமையலறைத் தரையிலேயே மூச்சு முட்டி விழுந்திருக்கலாம். அப்படி ஒன்று இருக்கிறது என்றே எனக்கு நினைவு வரவில்லை. மச்சாளிடம் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா?"

கட்டிலின் கால்மாட்டில் அவளுடைய அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர்ப் போத்தல் வாங்கிவரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டுக் கேட்டேன். "என்ன அண்ணி கேக்கிறீங்கள்!" என்று அந்தக் காய்ச்சலிலும் அவளுக்குக் கோபம் வந்தது. இல்லை என்றேன் வைத்தியரிடம்.

"கடைசி இரண்டு கிழமைக்குள் ஏதாவது மருந்து எடுத்தாளா?"

அதற்குள் இவர் போத்தலோடு திரும்பிவிட்டார். மச்சாள் என்னைப் பார்த்தாள்.

"ஒண்டும் எடுக்கேல்ல எண்டு சொல்லுங்கோ அண்ணி."

அவள் தன்னைக் காப்பாற்ற அப்படிச் சொல்லவில்லை, என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். இத்தாலியனில் அதற்கு ஒரு சொல் போதும். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் நின்றது. வைத்தியர் இல்லாதவள் மருந்து கொடுத்தால் இந்த நாட்டில் என்ன செய்வார்கள்? கேஸ் போடுவார்களா? என் பெர்மெஸ்ஸோவைப் பறிப்பார்களா? அதைவிட, இவர் பக்கத்தில் நிற்கிறார். ரெஸ்ரோறன்ர் குசினியில் வேலை செய்து என்னைவிட நன்றாக இத்தாலியன் பழகியவர். நான் வாயைத் திறந்தால் ஒரு சொல் தவறாமல் அவருக்கு விளங்கும். வைத்தியரின் பேனா தாளில் ஏதோ எழுதத் தொடங்கியது. அதைப் பார்த்ததும் என்னால் நிற்க முடியவில்லை.

சொன்னேன். உடைந்த இத்தாலியனில், வினைச்சொற்களை எல்லாம் பிழைபிழையாகப் போட்டுச் சொன்னேன். இன்ன குளிசை, வேறொருவருடைய மிச்சம், காலையும் பின்னேரமும், நாலு மட்டும்.

"ஏன் நாலோடு நிறுத்தினாள்?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். சுகமாகிவிட்டது என்று."

வைத்தியர் என்னைத் திட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்ததை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு வேறு எழுதினார். "அதே வகை மருந்தைத்தான் முதலில் எழுத நினைத்தேன். வலி நின்றால் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த வருத்தத்துக்கு எது, எத்தனை நாள் என்று ஆளைப் பார்த்து முடிவு செய்யவேண்டும். நீங்கள் சொன்னது நல்லது" என்று சொல்லிக்கொண்டே ஒரு தாதியைக் கூப்பிட்டு, மருந்து ஏற்றுவதற்கு முன்னால் சிறுநீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார்.

மச்சாளைக் கொண்டுபோன பிறகு, இவர் நடையில் வைத்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"என்ர தங்கச்சியில நீ வைத்தியம் பழகினியோ?"

கலியாணம் கட்டிய ஆறு வருடத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

அடுத்த மூன்று நாளும் நான் மனிசியாக இல்லை. காலையில் வேலை, பின்னேரம் ஆஸ்பத்திரி. அவளுடைய கையில் ஊசி ஏற்றிய இடத்தையும், சேலைன் போத்தல் சொட்டுவதையும், வாளிக்குள் சேரும் சிறுநீரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் நாள் காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டாம் நாள் இறங்கி, மறுபடி ஏறியது. இரண்டு சிறுநீரகத்தில் ஒன்று பழுதாகிவிடுமோ, இந்தப் பிள்ளைக்கு நாளைக்குக் கலியாணம், பிள்ளைப்பேறு என்று வரும்போது என்னவாகும் என்று எனக்குள் ஒரு சக்கரம் நிற்காமல் சுற்றியது. பிள்ளையாரை வேண்டினேன். மலைமேல் இருக்கிற புனிதையையும் விடவில்லை. இவர் தினமும் வந்து தங்கையோடு கதைத்துவிட்டுப் போனார். என்னோடு, "சாப்பாடு இருக்கோ", "திறப்பு எங்கை" என்ற அளவுதான்.

மூன்றாம் நாள் சோதனை முடிவு வந்தது. நான் கொடுத்த குளிசைக்கு அந்தக் கிருமி மசியாது என்று வைத்தியர் சொன்னார். என்னால்தான் அப்படி ஆனதா என்று கேட்டேன். "தெரியாது. முதலிலேயே அப்படி இருந்திருக்கலாம், பிறகு ஆகியிருக்கலாம். ஆனால் நடுவில் மூன்று நாள் அது அடங்கியதுபோல் காட்டியது, நீங்கள் எல்லோரும் நம்பிவிட்டீர்கள்" என்றார். நான் எதிர்பார்த்தது ஆம் அல்லது இல்லை. தெரியாது என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இன்று வரையில் அது எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். பத்து நாளைக்கு இருபது குளிசை. காலை எட்டு, இரவு எட்டு, ஒன்றையும் தவறவிடக்கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும், உடம்பு தடித்தாலோ வயிற்றோட்டம் கடுமையானாலோ உடனே வரவேண்டும், முடிந்த பிறகு மறுபடி சிறுநீர்ச் சோதனை. காகிதம் இல்லாதவர்களைப் பார்க்கவென்று ஒரு தேவாலய மண்டபத்தில் வியாழன் தோறும் வைத்தியர்கள் வருகிறார்கள் என்றும், அங்கே யாரையும் எதுவும் கேட்பதில்லை என்றும் அந்த வைத்தியர்தான் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து அந்த மண்டபம் ஏழு பஸ் தரிப்புத் தூரம். நாங்கள் பெட்டியில் மிச்சம் சேர்த்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

மச்சாளின் சிஞ்ஞோராவுடைய மகளுக்கு நான்தான் போன் பண்ணினேன். பொய் சொல்லத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன், கக்கூசுக் கதையையும் சேர்த்து. அவள், "இரண்டு கிழமையில் வரட்டும், அம்மாவை வேறு ஒருவராலும் சமாளிக்க முடியவில்லை" என்றாள். கையெழுத்து என்னாகும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தகரப்பெட்டியை அடுத்த நாளே கொண்டுபோய், மருந்துக்கடை வாசலில் பழைய மருந்து போடவென்று வைத்திருக்கும் தொட்டியில் கவிழ்த்தேன். துண்டுத் தாள்களோடுதான் விழுந்தன. விஷயம் அன்றே கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. படியில் ஒருத்தி என்னைக் கண்டும் காணாததுபோல் போனாள்.

ஏழாம் நாள் இரவு மச்சாள் முரண்டு பிடித்தாள். குளிசை குமட்டுகிறதாம், உடம்பு நல்லாய்விட்டதாம்.

"இதுக்குப் பிறகு ஆறுதான். போடு."

"அண்டைக்கு நீங்கள்தானே அண்ணி, சுகமான பிறகு என்னத்துக்கு எண்டு சொன்னனீங்கள்?"

அவள் குத்திக் காட்டச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே இரண்டு பிஸ்கட்டும் தண்ணீரும் எடுத்துவந்து முன்னால் நின்றேன். அவள் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள்.

ஒன்பதாம் நாள் பின்னேரம். இவர் மேசையோரத்தில் நின்று வேலைக்குப் போடும் கறுப்புக் காற்சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். மச்சாள் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடியில் இருக்கும் மன்னார் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாற்பது கடந்தவர், வேறு கட்டடங்களில் படிக்கட்டுக் கழுவும் வேலை, காகிதம் இல்லை. பேச்சு வெட்டொன்று துண்டிரண்டாக இருக்கும். கன்னத்தில் கையை வைத்திருந்தார்.

"பல்லுக்கொதி பிள்ளை. நித்திரையில்லை. ஒரு ஆறு குளிசை தா."

"பெட்டி இல்லை அக்கா. எறிஞ்சுபோட்டன்."

"கேள்விப்பட்டனான். அந்தா மேசையில கிடக்கிறது?"

"அது இவளுக்கு. இன்னும் முடியேல்ல."

"அவள் நல்லாத்தானே நிக்கிறாள்! ரெண்டையெண்டாலும் தாவன்."

"தரமாட்டன் அக்கா. வியாழக்கிழமை டொக்டர்மார் வாற இடம் ஒண்டு இருக்கு. நானும் உங்களோட வாறன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்கட ஆள் எண்டால் ஆசுப்பத்திரி. நாங்கள் எண்டால் வியாழக்கிழமை. என்ன? என்ர குளிசை எத்தினை உன்ர பெட்டிக்குள்ள வந்தது!"

உண்மைதான். அவர் எத்தனையோ தரம் தன் மிச்சத்தைக் கொண்டுவந்து தந்திருக்கிறார். வெட்கத்தில் என் கை மேசைப்பக்கம் போகப் பார்த்தது என்பதை மறைக்கமாட்டேன்.

தொட்டியடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மச்சாள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, எனக்குச் சலத்தோட ரத்தம் போனது."

அயன்பெட்டி அப்படியே நின்றது. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தே சொன்னாள். சாதாரணக் குரலில், மெதுவாகவும் இல்லை, சத்தமாகவும் இல்லை.

"நாள்கணக்கா எரிஞ்சது. வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்ல. வேலையும் போயிடும் எண்டு பயம். அண்ணி தந்த குளிசையில நாலு போட்டன், நிண்டுட்டுது. மலைக்கும் ஏறினன். மூண்டு நாளால நாரிக்கு வந்து, காய்ச்சல், சத்தி. நாலு நாள் மருந்து ஏத்தினவை. இன்னும் பிந்தியிருந்தால் செத்திருப்பன். அதுதான் அண்ணி தரமாட்டன் எண்டுறா. நீங்கள் கோவிக்காதேங்கோ."

இவர் தலையைக் குனிந்தபடி நின்றார். காற்சட்டை கருகும் மணம் வந்த பிறகுதான் அயன்பெட்டியைத் தூக்கினார்.

அக்காவின் கை கன்னத்திலிருந்து இறங்கியது. பக்கத்திலிருந்த கதிரையில் மெல்ல இருந்தார், இருக்கும்போது முகம் சுருங்கியது. மச்சாளைப் பார்த்தார். பிறகு அந்த வெட்டுப் பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை, ஒரு சின்னப் பிள்ளையின் குரலில் சொன்னார்.

"எனக்குப் பல்லில ஒண்டுமில்லை, பிள்ளை. எனக்கும் அதுதான்."